‘பரிசீலனையில் உள்ளது’: வேலை தேடுவோர் கேள்வி-பதில்

விண்ணப்பம் போட்டோம், டெஸ்ட் எழுதினோம், நாலு ரவுண்டு பேசினோம், அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை: வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை. ஆள் எடுக்கும் வேலையிலேயே இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்து ஏழு வாரம் ஆகிறது. தினமும் உள்ளே போய்ப் பார்க்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே நிற்கிறது. யாராவது பார்த்தார்களா, இல்லையா?

பதில்: அந்த வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல மென்பொருள்களில் விண்ணப்பம் வந்து விழுந்ததுமே அந்த வரி தானாக வந்துவிடும். ரெக்ரூட்டர், அதாவது ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர், அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும்வரை அப்படியே இருக்கும்.

உள்ளே நடப்பது இது. வேலை விளம்பரமாக வெளியே வருவதற்கு முன்பே அதற்கு ஒரு கோரிக்கை எண் போட்டு, துறைத் தலைவர், நிதிப் பிரிவு, ஹெச்.ஆர். என்று ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். விளம்பரம் வந்ததும் விண்ணப்பங்கள் குவியும். ஒரு ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல பணியிடங்களைக் கையில் வைத்திருப்பார். பட்டியலின் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, மேனேஜரிடம் காட்டத் தகுந்த ஏழெட்டுப் பேர் தேறியதும் நிறுத்திவிடுவார். மிச்ச விண்ணப்பங்கள் திறக்கப்படாமலே கிடக்கும். அவற்றை நிராகரித்ததாகவும் குறிக்க மாட்டார். முதல் செட்டில் யாரும் சரிவராவிட்டால் அங்கேதானே திரும்பி வர வேண்டும்? அந்தக் கோரிக்கை எண் மூடப்படும் நாளில்தான் எல்லோருக்கும் மொத்தமாக மெயில் போகும். நீங்களே மறந்துபோன வேலைக்கு ஆறேழு மாதம் கழித்து ‘வருந்துகிறோம்’ என்று கடிதம் வருவது இதனால்தான்.

தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. காலாண்டு முடிவில் புது ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, விதிமுறைக்காக வெளியே விளம்பரம் கொடுத்திருப்பார்கள். அல்லது ஒருவருக்கு ஆஃபர் கொடுத்தாகிவிட்டது, அவர் நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். அவர் வந்து சேரும்வரை மற்றவர்களை விடுவிக்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து கொஞ்சம் ஊகிக்கலாம். விளம்பரம் எடுக்கப்பட்டு, உங்கள் நிலை மட்டும் மாறாமல் இருந்தால் இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கலாம். அதே விளம்பரம் புதுத் தேதியோடு மறுபடி வந்தால் முதல் செட் தேறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரெக்ரூட்டருக்கு மெயில் போட அதுதான் நல்ல நேரம். எந்த டீம், யாருக்குக் கீழே என்ற விவரமே இல்லாத விளம்பரம் மாதக்கணக்கில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தால், அது பெரும்பாலும் பின்னால் தேவைப்படலாம் என்று ரெஸ்யூமே சேர்த்து வைக்கிற கணக்கு. அதற்காக உட்கார்ந்து கவர் லெட்டர் எழுத வேண்டாம்.

விளம்பரம் வந்த முதல் இரண்டு மூன்று நாளில் விண்ணப்பித்துவிடுங்கள். கோரிக்கை எண்ணைக் குறித்து வையுங்கள். விளம்பரத்தின் முழு வாசகத்தையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது தளத்தில் அது இருக்காது, என்ன வேலைக்கு விண்ணப்பித்தோம் என்றே நினைவிருக்காது. இரண்டு வாரம் கழித்து, எண்ணைக் குறிப்பிட்டு நாலு வரியில் ஒரு மெயில். தினமும் உள்ளே போய்ப் பார்ப்பதால் எதுவும் நகராது.

கேள்வி: ரெஸ்யூமேயை மனிதர்கள் படிப்பதே இல்லை, விண்ணப்பங்களைக் கையாளும் ஏடிஎஸ் மென்பொருளே முக்கால்வாசியைத் தூக்கி எறிந்துவிடும் என்கிறார்கள். மதிப்பெண் போடும் தளம் ஒன்றில் என் ரெஸ்யூமே 52 வாங்குகிறது. எப்படி ஏற்றுவது?

பதில்: அந்த முக்கால்வாசிக் கணக்குக்கு நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் பின்னால் இல்லை. ரெஸ்யூமே திருத்தித் தரும் சேவையை விற்பவர்கள் சொல்லிச் சொல்லிப் பரவியது. உங்கள் 52-க்கும், நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் இருக்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமே கிடையாது. அதை மறந்துவிடுங்கள்.

வொர்க்டே, கிரீன்ஹவுஸ், டாலியோ, ஐசிம்ஸ் போன்றவை அடிப்படையில் விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளங்கள். ரெக்ரூட்டர் அதில் பதவிப் பெயர், திறன், அனுபவ ஆண்டு என்று போட்டுத் தேடுவார். பொருத்தம் பார்த்து வரிசைப்படுத்தும் வசதியும் இப்போது பலவற்றில் சேர்ந்திருக்கிறது. வரிசையில் அடியில் போய்விட்டால் யாரும் அவ்வளவு தூரம் புரட்டுவதில்லை என்பது உண்மை. அப்படி அடியில் போவதற்கு, உங்களுக்குத் தகுதி இல்லாதது மட்டும் காரணமாக இருக்காது. உங்கள் கோப்பை மென்பொருளால் ஒழுங்காக வாசிக்க முடியாததும் காரணமாக இருக்கலாம்.

இடப்பக்கம் திறன்கள், வலப்பக்கம் அனுபவம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்த ரெஸ்யூமேயைச் சில மென்பொருள்கள் குறுக்கே, வரிவரியாக வாசிக்கும். ‘எக்ஸெல் மூத்த கணக்காளர் டேலி மார்ச் 2019 முதல்’ என்று எல்லாம் கலந்துபோய் உட்காரும். பெயரையும் போன் நம்பரையும் வேர்டு கோப்பின் ஹெடர் பகுதியில் போட்டிருந்தால் அதைப் படிக்காமலே விடுகிற மென்பொருள்களும் உண்டு. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருப்பதும் அப்படித்தான். திறமைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டிருந்தால் அது வெறும் படம். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். பல இடங்களில் வெற்றுத்தாள்தான்.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. பி.டி.எஃப்.-ஐத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே என்ன வரிசையில் வருகிறதோ, ஏறத்தாழ அதைத்தான் மென்பொருளும் பார்க்கும். கலைந்து வந்தால் ஒற்றைப் பத்தியாக மாற்றி எழுதுங்கள். தேதிகளை ஒரே பாணியில், மாதமும் ஆண்டுமாகப் போடுங்கள். வெறும் ‘2021 – 2022’ என்று போட்டால் அது இரண்டு மாதமா, இருபத்து மூன்று மாதமா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் ‘அசோசியேட் லெவல் 3’ போன்ற பதவிப் பெயரை யாரும் தேட மாட்டார்கள். வெளியே எல்லோருக்கும் தெரிந்த பெயரை அதனருகில் சேர்த்து எழுதுங்கள். சுருக்கப் பெயரையும் முழுப் பெயரையும் ஒருமுறையாவது சேர்த்துப் போடுங்கள். எதைப் போட்டுத் தேடுவார்கள் என்று தெரியாது.

கோப்பை ஏற்றியதும் போர்ட்டல் தானாகவே கட்டங்களை நிரப்பும். அதை அப்படியே அனுப்பிவிடுகிறவர்கள் ஏராளம். பதவி இருக்க வேண்டிய கட்டத்தில் நிறுவனத்தின் பெயர் போய் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் திறன்களை அடுக்கும் தந்திரமும் வேண்டாம். மென்பொருள் எழுத்துகளை உருவியெடுத்துக் காட்டும்போது அந்த மூட்டை முழுவதும் ரெக்ரூட்டர் கண்முன்னே வந்து நிற்கும்.

மென்பொருளே மதிப்பெண் போட்டால் நியாயமாக இருக்கும் என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கு: அமேசான் சோதனையாக உருவாக்கிய ஒரு தேர்வு மென்பொருள், பழைய ரெஸ்யூமேக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, ‘பெண்கள்’ என்ற சொல் இருந்த ரெஸ்யூமேக்களுக்கு அது மதிப்பைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தி 2018 அக்டோபரில் வெளியானது. நியூயார்க் நகரத்தில் இப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் பாரபட்சத் தணிக்கை செய்ய வேண்டும், விண்ணப்பிப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 5 முதல் அமலாகிறது.

கேள்வி: விண்ணப்பித்த பத்தாவது நிமிடம் நிராகரிப்பு மெயில். பத்து நிமிடத்தில் என்ன படித்திருப்பார்கள்?

பதில்: எதையும் படிக்கவில்லை. படிவத்தில் நீங்கள் கொடுத்த ஒரு விடை தள்ளிவிட்டது. இவற்றை நாக்-அவுட் கேள்விகள் என்பார்கள்: வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, ஊர் மாறத் தயாரா, குறைந்தபட்ச அனுபவம், கட்டாய உரிமம், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும். தவறான விடை விழுந்த நொடியே விண்ணப்பம் மூடப்படும். சில நிறுவனங்கள் இது எந்திரத்தனமாகத் தெரியக்கூடாது என்று மெயிலை மட்டும் இரண்டு நாள் தள்ளி அனுப்பும்படி அமைத்து வைத்திருக்கும். உங்களுக்கு வந்த இடத்தில் அந்த நாசூக்கு இல்லை, அவ்வளவுதான்.

சொந்தத் தவறு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுச் சம்பளம் கேட்ட இடத்தில் மாதச் சம்பளத்தைப் போடுவது, கரன்சி பெட்டியைக் கவனிக்காமல் விடுவது, ‘விசா உதவி தேவையா’ என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ‘ஆம்’ அழுத்துவது என்று வழக்கமாக நடப்பவை இவைதான். தவறு உங்களுடையது என்றால் அதே எண்ணில் மறுபடி விண்ணப்பிக்கப் பெரும்பாலும் விடாது. ரெக்ரூட்டருக்கு நேராக எழுதி, எந்தக் கேள்விக்கு எந்த விடை தவறிப்போனது என்று சொன்னால் கையால் திறந்துவிடுவார்கள். ஆனால் உள்ளே நுழைவதற்காகப் பொய்யான விடை தராதீர்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் அது ஆஃபருக்குப் பிறகு வெளியே வரும், அப்போது இழப்பு பெரிது.

கேள்வி: ஆளே இல்லாத வீடியோ இன்டர்வியூ ஒன்றுக்கு லிங்க் வந்திருக்கிறது. கேள்வி திரையில் வருமாம், நான் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டுமாம். என் முகத்தை வைத்து மார்க் போடுவார்களா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இந்தத் துறையில் பெரிய நிறுவனமான ஹயர்வ்யூ, முகபாவத்தை அலசும் பகுதியை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், பணியிடத்தில் மனிதர்களின் உணர்ச்சியை ஊகிக்கும் ஏஐ-யை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவமும் பாதுகாப்பும் மட்டும் விலக்கு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 முதலே, வீடியோவை ஏஐ அலசப்போகிறது என்றால் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். நீங்கள் கேட்டால் 30 நாளில் வீடியோவை அழிக்க வேண்டும். மற்ற இடங்களில் லிங்க் அனுப்பியவரிடமே கேட்கலாம்: ‘இதை மனிதர்கள் பார்ப்பார்களா, மென்பொருள் மதிப்பிடுமா?’ கேட்பதில் தப்பே இல்லை. பேச்சை எழுத்தாக்கி அதை மதிப்பிடும் மென்பொருள்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே முகத்தைவிட வார்த்தைகள் தெளிவாகக் கேட்பதுதான் முக்கியம்.

இனி நடைமுறை. கேள்வி தோன்றியதும் யோசிக்க அரை நிமிடம், பேச ஒன்று முதல் மூன்று நிமிடம் என்று கொடுப்பார்கள். மறுபடி பதிவு செய்ய எத்தனை வாய்ப்பு என்பது முதல் பக்கத்தில் இருக்கும். படிக்காமல் ‘தொடங்கு’ அழுத்திவிடாதீர்கள், பல தளங்களில் கடிகாரத்தை நிறுத்த முடியாது. பயிற்சிக் கேள்வி இருந்தால் அதைப் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேளுங்கள். மைக் எதிரொலிக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

லேப்டாப்பை மேசையில் அப்படியே வைத்தால் கேமரா உங்கள் தாடையைத்தான் பார்க்கும். அடியில் புத்தகங்களை அடுக்கிக் கண் உயரத்துக்கு ஏற்றுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் நிழலாகத் தெரிவீர்கள். முகத்துக்கு எதிரே இருக்கட்டும். திரையில் உங்கள் முகமே தெரிவதால் கண் அங்கேயே போகும். அதன்மேல் ஒரு சின்னத் தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். தாளில் முழு வாக்கியம் எழுதி வைத்துப் படித்தால் கண் இடவலமாக ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். மூன்று வார்த்தை போதும்: சூழல், செய்தது, விளைவு. இரண்டு நிமிடப் பதிலில் சூழலுக்கு இருபது நொடிக்கு மேல் கொடுக்காதீர்கள். கதையின் பின்னணியையே சொல்லி முடித்து, தான் என்ன செய்தோம் என்பதற்கு வரும்போது நேரம் தீர்ந்துபோவதுதான் இதில் எல்லோரும் சறுக்குகிற இடம்.

கெடு நாளின் இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். தளம் பாதியில் நின்றுபோனால் உதவிக்கு எழுதி, லிங்க்கைத் திறந்துவிடச் சொல்ல ஒரு வேலை நாளாவது தேவை. நின்றுபோன திரையை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: ஆளுமைத் தேர்வில் ‘சரியான’ விடை எது?

பதில்: ஒரே விஷயத்தை வெவ்வேறு சொற்களில் மூன்று நான்கு முறை கேட்பார்கள். நல்ல பெயர் வாங்குவதற்காக யோசித்து யோசித்து அழுத்தினால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும். எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ளதையே அழுத்துவதும் பயன்தராது. மனதில் பட்டதை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கேள்வி: ஆறு ரவுண்டு முடிந்துவிட்டது. ஒவ்வொருவரும் முதலிலிருந்து ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். இன்னும் ஒன்று இருக்கிறதாம். இது தேவைதானா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. கூகுள் தன் பழைய இன்டர்வியூக்களை அலசிப் பார்த்தபோது, நான்கு பேர் இன்டர்வியூ செய்தாலே 86 சதவீத நம்பிக்கையோடு முடிவெடுக்க முடிகிறது, அதற்கு மேல் ஒவ்வொருவரும் சேர்ப்பது ஒரு சதவீதம் அளவுதான் என்று கண்டது. எத்தனை முறை கேட்கிறார்கள் என்பதைவிட எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் பெரிது. பணித்தேர்வு முறைகள் பற்றிய ஆய்வுகளை உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட் குழுவினர் 2022-இல் திரும்பத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்கும், பின்னாளில் அந்த ஆள் வேலை செய்யும் லட்சணத்துக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). வாய்க்கு வந்ததைக் கேட்டுப் பேசிப்பார்க்கும் இன்டர்வியூவுக்கு 0.19. உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை என்று தோன்றுகிறது.

ரவுண்டுகள் பெருகுவதற்கு உள்ளே இருக்கும் காரணம் எளிது: முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்று தீர்மானமாகவில்லை. தனியாகச் ‘சரி’ சொல்ல ஒருவருக்குத் தயக்கம், இன்னொருவரையும் பார்க்கச் சொல்கிறார். பேனல் ஆட்கள் ஒருவர் எழுதிய குறிப்பை இன்னொருவர் படிப்பதும் கிடையாது. சில இடங்களில் வேண்டுமென்றேதான் காட்டுவதில்லை; ஒருவர் கருத்து இன்னொருவரைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் ஒரே அனுபவத்தை ஆறு பேரிடமும் சொல்லலாம், அலுப்பு மட்டும் குரலில் தெரியக்கூடாது.

அடுத்த அழைப்பை ஒப்புக்கொள்வதற்கு முன் ரெக்ரூட்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ரவுண்டில் எதைப் பார்க்கிறார்கள், முந்தைய ரவுண்டுகளில் தீராத சந்தேகம் ஏதாவது இருக்கிறதா, இதற்கப்புறம் எத்தனை பாக்கி? இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால் அது புதையல். அதற்கு மட்டும் தயார் செய்துகொண்டு போனால் போதும். பதிலே சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுவும் ஒரு தகவல்தான். உங்களை எங்கே சேர்க்கப்போகிறார்கள் என்று அவர்களுக்கே இன்னும் தெரியவில்லை.

கேள்வி: ‘சின்ன அசைன்மென்ட்’ என்று அனுப்பினார்கள். பார்த்தால் இருபது மணி நேர வேலை. செய்யாவிட்டால் போச்சு, செய்தால் இலவச உழைப்பு.

பதில்: மூன்று, நாலு மணி நேரத்துக்குள் அடங்குவதுதான் நியாயமான அளவு. அதைத் தாண்டினால் மறுக்க வேண்டியதில்லை, எல்லை போட்டுக்கொள்ளுங்கள். ‘இதற்கு நான்கு மணி நேரம் ஒதுக்குகிறேன். முதல் பகுதியை முழுதாகச் செய்து, மற்றவற்றை எப்படி அணுகுவேன் என்று ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். சரியா?’ என்று தொடங்கும் முன்பே மெயிலில் கேட்டுவிடுங்கள். எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் இருபது மணி நேரத்து விடைகளைப் படிக்க அவர்களுக்கும் நேரமில்லை.

அவர்களுடைய இப்போதைய வாடிக்கையாளருக்கான பிரசாரத் திட்டம், அவர்களுடைய உண்மையான தளத்தில் இருக்கும் கோளாறு, முழு ஆண்டுக்கான உள்ளடக்க அட்டவணை என்று கேட்டால் உஷாராகுங்கள். அதே கேள்வியை வேறொரு கற்பனை நிறுவனத்துக்குச் செய்து காட்டலாம். மாற்றி எழுத முடியாத பி.டி.எஃப். ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் பெயரும் தேதியும் போட்டு அனுப்புங்கள். இப்போது வேலை செய்யும் இடத்தின் கோப்பையோ நிரலையோ எடுத்துச் சேர்க்கவே கூடாது. அதைப் பார்த்ததுமே நிராகரிக்கிற மேனேஜர்கள் உண்டு, அது சரியும்கூட.

கேள்வி: கடைசி ரவுண்டு நன்றாகப் போனது. ‘அடுத்த வாரம் சொல்கிறோம்’ என்றார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. எத்தனை முறை எழுதலாம், என்ன எழுதுவது?

பதில்: மூன்று முறை. இன்டர்வியூ முடிந்த மறுநாளுக்குள் ஒரு நன்றி மெயில். சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள் கழித்து ஒன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் விட்டுக் கடைசியாக ஒன்று. புது மெயிலாக அனுப்பாமல் பழைய மெயிலின் தொடர்ச்சியிலேயே போடுங்கள், ரெக்ரூட்டருக்கு நீங்கள் யார் என்று தேட வேண்டியிருக்காது.

இரண்டாவது மெயில் இந்த அளவுக்கு இருந்தால் போதும்: ‘வணக்கம். இந்தக் கோரிக்கை எண்ணுக்கான கடைசிச் சுற்றில் கடந்த 4-ஆம் தேதி பேசினேன். முடிவு எந்தத் தேதி வாக்கில் தெரியும்? இன்னொரு இடத்துக்கு 22-ஆம் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடமிருந்து வேறு விவரம் தேவையா?’ இதில் வேலை செய்வது அந்தத் தேதிதான். ‘ஏதாவது தகவல் உண்டா’ என்ற கேள்விக்கு ரெக்ரூட்டரிடம் பதில் இருக்காது, மேனேஜரிடம் இன்னும் பேசியிருக்க மாட்டார், மெயிலை மூடிவிடுவார். ஒரு தேதி இருந்தால் அதைக் காட்டி மேனேஜரை நெருக்க அவருக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. இல்லாத ஆஃபரை மட்டும் கண்டுபிடிக்காதீர்கள். ‘சரி, அங்கேயே சேருங்கள்’ என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த மௌனத்துக்குச் சட்டமே வந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், விளம்பரம் செய்த வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தவர்களிடம் முடிவு எடுத்தாயிற்றா என்பதைக் கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கேயும் முடிவு என்ன என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று இல்லை.

கேள்வி: ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சிகள் என் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டார்கள். இரட்டை வாய்ப்புதானே?

பதில்: நேர்மாறு. ஆளைச் சேர்த்துவிட்டால் கமிஷன் எந்தக் கன்சல்டன்சிக்கு என்று தகராறு வரும். அதில் சிக்க விரும்பாத நிறுவனங்கள் அந்த ரெஸ்யூமேயையே ஒதுக்கி வைத்துவிடும். எந்த நிறுவனம், எந்தப் பதவி என்று எழுத்தில் சொல்லாத கன்சல்டன்சிக்கு ரெஸ்யூமே அனுப்ப அனுமதி தராதீர்கள். இப்போது நடந்துவிட்டதற்கு, முதலில் அனுப்பியவர் யார் என்று தேதியோடு உறுதி செய்துகொண்டு, இரண்டாமவரிடம் மெயிலில் விலகச் சொல்லுங்கள்.

ரெஃபரலுக்கும் இதே கதைதான். நீங்களே போர்ட்டலில் விண்ணப்பித்த பிறகு, உள்ளே இருக்கும் நண்பர் உங்களைச் சேர்க்கப் பார்த்தால் ‘ஏற்கெனவே இருக்கிறார்’ என்று பல மென்பொருள்கள் மறுத்துவிடும். தெரிந்தவர் இருந்தால் அவர் முதலில், நீங்கள் பிறகு.

கேள்வி: ‘செலக்ட் ஆகிவிட்டீர்கள்’ என்று போனில் சொல்லிவிட்டார்கள். ராஜினாமா கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சம்பள விவரம், பதவி, சேரும் தேதி, வேலையிடம் நான்கும் இருக்கும் ஆஃபர் லெட்டர் கையில் வர வேண்டும். ‘வெரிஃபிகேஷனுக்கு உட்பட்டது’ என்று அதில் இருந்தால், அது முடிந்ததா என்றும் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னவருக்கும் லெட்டரில் கையெழுத்துப் போடுபவருக்கும் நடுவில் நிதிப் பிரிவு உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: இன்டர்வியூ எல்லாம் சாட்டிலேயே முடிந்துவிட்டது. லேப்டாப் அனுப்ப முன்பணம் கேட்கிறார்கள்.

பதில்: மோசடி. அனுப்பாதீர்கள். வங்கி விவரமோ அடையாள அட்டையோ கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை நிறுவனத்தின் அசல் தளத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ‘உங்களைவிடப் பொருத்தமான ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம்’ என்ற ஒரே வரி. ஐந்து ரவுண்டு போனவருக்கு ஒரு காரணம்கூட சொல்ல மாட்டார்களா? அங்கேயே மறுபடி விண்ணப்பிக்கலாமா?

பதில்: காரணம் எழுத்தில் போனால் அது வழக்குக்கு ஆதாரமாகும் என்று நிறுவனத்தின் சட்டப்பிரிவு பயப்படுகிறது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே வாசகம். ‘ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்டால் அதே வாசகம்தான் திரும்பி வரும். ‘இதே மாதிரி வேலைக்கு அடுத்த தடவை வரும்போது எந்த ஒரு திறனைக் கூட்டிக்கொண்டு வரலாம்?’ என்று கேளுங்கள். போனில் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு கூடுதல். எழுத்தில் எதுவும் நிற்காது என்பதால் வாய் திறப்பார்கள். ஹெச்.ஆரைவிட உங்களோடு அதிக நேரம் பேசிய டீம் லீடிடம் கேட்பது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2018 மே 25 முதல் அமலில் உள்ள, தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான ஜி.டி.பி.ஆர். சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ், உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கலாம்; பொதுவாக ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். இன்டர்வியூ குறிப்புகளும் அதில் வரலாம். ஆனால் அங்கேயே மறுபடி முயலும் எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். உரிமைதான் என்றாலும், சட்டப்பிரிவு வரை போகிற கடிதம் அது.

மறுபடி தாராளமாக விண்ணப்பிக்கலாம். கடைசிச் சுற்றுவரை வந்தவரை மறுபடி ஆரம்பத்திலிருந்து இழுக்காமல் நேராக மேனேஜரிடம் அனுப்பும் இடங்களும் உண்டு. சில நிறுவனங்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இடைவெளி வைத்திருக்கும். அது அதே வகை வேலைக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று ரெக்ரூட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கணக்கு திறக்காமல் பழைய மெயில் முகவரியிலேயே உள்ளே போங்கள். முந்தைய நல்ல குறிப்புகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அதில் தங்கியிருக்கும் பழைய ரெஸ்யூமேயை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். இரண்டும் இருந்தால் மேனேஜர் கைக்குப் பழையது போய்ச் சேருவது உண்டு.